புதுப்பிப்பு: ஆர்எக்ஸ் 100 இழுவை குறைவு, தீர்ந்தது
காரைக்குடியில் ஓடும் என் யமஹா ஆர்எக்ஸ் 100 (டூ-ஸ்ட்ரோக் பைக்) ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் திணறுகிறது, எக்ஸாஸ்ட் வால்வு போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "இதில் எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது, பிஸ்டன்தான் போர்ட்டை (புகை வெளியேறும் துளையை) திறந்து மூடும், சைலன்சரைப் பாருங்கள்" என்று தேவகோட்டை அண்ணன் சொன்னதுதான் சரி.

சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிள் பைப்பை உருவினால் ஓட்டை முழுக்கக் கரி, தார் மாதிரி பிசுக்கு. சூடு காட்டித் தட்டியதும் ஓடு ஓடாக உதிர்ந்தது. போர்ட் விளிம்பிலும் கரிதான். பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி, கீறல் விழாமல் மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்தோம்.

எதிர்பாராத விஷயம், இன்ஜினுக்கு எண்ணெய் அனுப்பும் ஆயில் பம்பின் கேபிள், பம்பில் உள்ள குறியைத் தாண்டி நின்றது. எண்ணெய் அதிகமாகப் போய்த்தான் இவ்வளவு கரி. குறிக்கு நேராக வைத்த பிறகு புகையும் குறைந்துவிட்டது, திருப்பத்தூர் ரோட்டில் பழைய இழுவை. அப்புறம், இதே வேலை செய்பவர்கள் எக்ஸாஸ்ட் கேஸ்கட் (சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தில் வரும் வளையம்) மட்டும் புதிதாகப் போடுங்கள்.