மறு: ரெக்ரஷன் – பின்னடைவா, பிற்செலவா, தொடர்புப்போக்கா?

வணக்கம்.

கலைச்சொல் பட்டியலில் 'ரெக்ரஷன்' என்பதற்கு நேரே 'பின்னடைவு' என்ற ஒரே சொல் இருக்கிறது. புள்ளியியல், மென்பொருள் இரண்டுக்கும் அதையே போட்டிருக்கிறோம். இது பொருந்தாது என்பது என் கருத்து.

இலத்தீனில் 'ரெ' என்றால் பின்னால், 'கிராடி' என்றால் அடியெடுத்து நடத்தல். 'புரோகிரஸ்', 'காங்கிரஸ்' எல்லாம் இதே வேரில் வந்தவை. ஆனால் புள்ளியியலுக்குள் இந்தச் சொல் வந்த வழி வேறு. ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் வெளியிட்ட ஆய்வில் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண் அளவுக்குக் கொண்டுவந்தார். பெற்றோர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தார்களோ, பிள்ளைகள் ஏறக்குறைய அதில் மூன்றில் இரண்டு பங்குதான் விலகியிருந்தார்கள். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்பினார்கள். குட்டையானவர்களின் பிள்ளைகளும் அப்படியே. அந்தத் திரும்புதலுக்கு அவர் வைத்த பெயர்தான் ரெக்ரஷன்.

குட்டையான பெற்றோரின் பிள்ளை சற்று உயரமாக வளர்வதைத் தமிழில் யாராவது 'பின்னடைவு' என்பார்களா? வாக்கு எண்ணும் நாளில் 'வேட்பாளர் பின்னடைவு' என்று படித்துப் பழகிய கண் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். இந்த நிகழ்வுக்கு 'சராசரி மீளல்' என்று வைக்கலாம். மீளலுக்கு மேல், கீழ் என்ற சார்பு இல்லை. ஒரு தேர்வின் சராசரி 60, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 10. அடுத்த தேர்விலும் அவையே. இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.5. முதலில் 80 வாங்கியவர்களிடம் அடுத்ததில் எதிர்பார்க்க வேண்டியது சராசரியாக 70, முதலில் 40 வாங்கியவர்களிடம் 50. முன்னவர்கள் சோம்பேறிகளாகவும் இல்லை, பின்னவர்கள் திடீரென்று உழைக்கவும் இல்லை. சொல்லைத் தவறாக வைத்தால் இந்தப் புரிதலே தவறிவிடும்.

———

வணக்கம் ஐயா.

நீங்கள் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் இருக்கும் 'பிற்செலவு' என்ற சொல்லைத் தலைப்பில் மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் விட்டது சரியில்லை. உயர்தரப் புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்குப் 'பிற்செலவுக் கோடு', 'பிற்செலவுக் குணகம்' என்பவைதான் பழக்கம்.

சொல்லாக்கமாகப் பார்த்தால் இலத்தீன் வேருக்கு இவ்வளவு நெருங்கிய தமிழ் வேறில்லை. செல் என்பதிலிருந்து செலவு. சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். தலைவன் பிரிந்து போகாமல் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என்பார்கள். பின் + செலவு, புணர்ந்து பிற்செலவு. அடி பிறழாமல் 'பின்னால் போதல்'.

சிக்கல் இரண்டு. இன்று செலவு என்றால் காசுதான். வணிகக் கணித வகுப்பில் இதைக் கேட்கும் பிள்ளை 'பிறகு ஆகும் செலவு' என்று நினைத்தால் அது பிள்ளையின் பிழையில்லை. மற்றது, 'பின்' என்ற சொல். இடத்தைக் குறித்தால் முதுகுப்பக்கம்: பின்பக்கம், பின்வாசல். காலத்தைக் குறித்தால் இனி வரப்போவது: பிற்பகல், பின்னாளில், பின்வரும். காலப்போக்கில் முந்தைய நிலைக்குத் திரும்புவதைச் சொல்ல 'பின்' போட்டுச் சொல் ஆக்கினால், அது எந்தப் பக்கம் என்று வாசிப்பவர் ஒரு கணம் நின்றுதான் ஆக வேண்டும். 'பின்னோக்கி' என்பதில் அந்தக் குழப்பம் வராது, 'நோக்கி' திசையைப் பிடித்துவைக்கிறது.

பிற்செலவைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள். பரீட்சை வினாத்தாளில் இருக்கும் சொல் அது. ஓர் அளவைக் கொண்டு இன்னோர் அளவைக் கணிக்கும் புள்ளியியல் முறைக்கும் இன்று ரெக்ரஷன் என்றே பெயர். அந்த முறையின் பெயராகத் தமிழ்நாட்டுப் பாடநூலின் 'தொடர்புப்போக்கு', அதனருகே 'பிற்செலவு (இலங்கை வழக்கு)' என்று இரண்டையும் தாருங்கள். 'தொடர்புப்போக்கு' வேரை விட்டு விலகியது. ஆனாலும் அந்த முறை இன்று செய்யும் வேலையைச் சொல்கிறது.

———

இருவருக்கும் வணக்கம்.

மென்பொருள் பக்கத்துக்குப் 'பின்னடைவு' அப்படியே இருக்கட்டும். இங்கே அந்தச் சொல்லின் தோல்விப் பொருள்தான் தேவை: முன்பு வேலை செய்தது, மாற்றத்துக்குப் பிறகு வேலை செய்யவில்லை. புதிதாகச் சேர்த்த வசதியில் முதல் நாளே இருக்கும் பிழை பின்னடைவு ஆகாது. விளக்கக் குறிப்பில் இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு தமிழ்ச் செயலி. 2.3 பதிப்பில் 'கொடி' என்று தேடினால் கிடைக்கிறது, 2.4-இல் கிடைக்கவில்லை. ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுவதற்கு முன் இவற்றை ஒருவடிவாக்கும் படியை யாரோ நீக்கியிருக்கிறார்கள். இது பின்னடைவு.

கண்டுபிடிக்கும் முறை 'இருகூறிட்டுத் தேடல்': நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளின் 'பைசெக்ட்' கட்டளை செய்வது இதைத்தான். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவே 1,000 மாற்றங்கள் இருந்தாலும், நடுவிலிருப்பதைச் சோதித்துச் சோதித்துப் பாதியாக்கினால் 10 சோதனைக்குள் குற்றவாளி மாற்றம் அகப்படும். ஒருமுறை தேறி மறுமுறை தவறும் நிலையற்ற சோதனையை வைத்துத் தேடினால் மட்டும் வழி தவறி, சம்பந்தமில்லாத மாற்றத்தில் போய் நிற்போம்.

'பின்னடைவுச் சோதனை'யை 'மறுசோதனை' என்று சிலர் எழுதுகிறார்கள். தவிர்க்க வேண்டும். திருத்திய பிழை திருந்தியதா என்று பார்ப்பது மறுசோதனை. திருத்தியதால் வேறு ஏதும் கெட்டதா என்று பார்ப்பது பின்னடைவுச் சோதனை.

———

நன்றி. இரண்டையும் ஏற்கிறேன். பதிவு மூன்றாகப் பிரியும்: நிகழ்வுக்குச் சராசரி மீளல், முறைக்குத் தொடர்புப்போக்கு (இலங்கையில் பிற்செலவு), மென்பொருளுக்குப் பின்னடைவு.

புள்ளியியல் முறையைச் செய்வதைச் சொல்லும் வினைச்சொல்தான் இன்னும் இடிக்கிறது. 'மழையளவின் மீதான விளைச்சலின் தொடர்புப்போக்குக் கோடு' என்பதில் எது எதன் மீது என்று மாணவர்கள் மாற்றிவிடுகிறார்கள். மாற்றினால் வேறு கோடு வரும். இரண்டு கோடுகளும் சராசரிப் புள்ளியில் வெட்டிக்கொள்ளும், ஒட்டுறவுக் கெழு +1 அல்லது −1 ஆனால்தான் ஒன்றாகும். 'மழையளவைக் கொண்டு விளைச்சலைக் கணிக்கும் கோட்டைப் பொருத்து' என்று எழுதினால் தடுமாற்றம் இல்லை. 'பொருத்து' என்பதையே வினையாகப் பதியலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.