மறு: மறு: ‘சின்னச் செயல்பாடு’க்கு மாற்றுச் சொல் தேவை, அவசரம்

அனைவருக்கும் வணக்கம். 7 முதல் 10 வயதுச் சாரணியருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முடிச்சு, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பறவை பார்ப்பது, அடுப்பில்லாச் சமையல் என்று பலவற்றிலிருந்து பிள்ளைகளே பிடித்ததைத் தேர்ந்தெடுத்துச் செய்து முடித்தால், சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு சின்னம் கிடைக்கும். அந்த வேலைக்குச் ‘சின்னச் செயல்பாடு’ என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் ஒரு சிறுமி, “அப்போ பெரிய செயல்பாடு எது?” என்று கேட்டாள். நல்ல சொல் தாருங்கள்.

---

ஒற்றெழுத்தைக் கவனித்தால் குழப்பமில்லை. சின்னம் + செயல்பாடு என்றால் ‘ம்’ கெட்டு ‘ச்’ மிகும். ‘சின்ன’ பெயரெச்சம், அதன்பின் மிகாது.

---

ஐயா, ‘சின்னச் சின்ன’ என்று எல்லோரும் ச் போட்டுத்தானே எழுதுகிறோம்! காதால் கேட்கிற பிள்ளைக்கு ஒற்று எப்படி உதவும்?

நான் ‘பூ’ என்பேன். அரசன் தகுதி பார்த்து, வணிகருக்கான எட்டி, காவிதி போன்ற பட்டங்களோடு கொடுத்தது எட்டிப்பூ, காவிதிப்பூ. மணிமேகலையிலேயே ‘எட்டிப்பூப் பெற்று’ என்று வருகிறது. சேரனுக்குப் போந்தை (பனம்பூ), சோழனுக்கு ஆர் (ஆத்திப்பூ), பாண்டியனுக்கு வேம்பு என்று பூவையே அடையாளமாகச் சூடிய மரபு நம்முடையது. எட்டி என்பது ‘செட்டி’யில் சகரம் விழுந்த வடிவம் என்பார்கள், நான் ஏற்கவில்லை, அது ‘எட்டு’ என்ற வினை, உயரத்தை எட்டியவன் எட்டி. திறன் + பூ, திறற்பூ. அதற்கான வேலை திறற்பூப் பணி.

---

திறல் + பூவும் திறற்பூதான், வீரமா திறமையா என்று எப்படித் தெரியும்? அதைவிட, பத்து வயதுப் பெண் ‘பூப் பெற்றாள்’ என்று அச்சிட்டால் வீட்டில் பூப்பெய்தினாள் என்றுதான் படிப்பார்கள். இந்தக் கையேட்டில் அது வேண்டவே வேண்டாம்.

‘தேர்ச்சிப் பணி’ எனலாமே. தேர் என்ற அடியிலேயே தெரிவு செய்வதும் இருக்கிறது, கைதேர்வதும் இருக்கிறது. ‘தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ என்று வள்ளுவரே சொல்கிறார்.

---

அம்மா, அந்தக் குறளில் (509) தேறுதல் என்றால் நம்புதல். அப்புறம், தேர்ச்சி என்றதுமே பிள்ளைக்கு மதிப்பெண் அட்டைதான் நினைவுக்கு வரும். கயிற்றை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டிப் பழகுகிற குழந்தையிடம் தேர்ச்சி, தோல்வி என்று ஏன் பேச வேண்டும்? 1914-இல் பிரிட்டனில் இந்த வயதுச் சிறுமியர் பிரிவுக்கு ரோஸ்பட் என்று பெயர் வைத்தார்கள், ரோஜா மொட்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, அடுத்த ஆண்டே பிரௌனி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பேசாமல் ‘பேட்ஜ் வேலை’ என்று எழுதுங்கள்.

---

அப்படியானால் தமிழில் கையேடு எதற்கு? பேட்ஜுக்கு ‘வில்லை’ இருக்கிறதே, அதை அணிந்த ஏவலரை வில்லைச் சேவகன் என்று நேற்றுவரை வழங்கிய சொல்.

---

வில்லை இன்று அறிவியல் பாடத்தில் லென்ஸ், மருந்தில் மாத்திரை. மூன்றாவது பொருளும் அதன் தலையில் வேண்டாம்.

---

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் தேர்ச்சிப் பணிக்குத்தான் ஆதரவு அதிகம். அது தலைப்பில் இருக்கட்டும், உள்ளே ‘சின்னத்துக்கான வேலை’ என்று பிரித்தே எழுதிவிடுகிறேன்.

---

சரி, ஆனால் தலைப்பில்கூட தேர்ச்சி எனக்கு உடன்பாடில்லை. மறுபதிப்புக்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

---

எட்டி–செட்டி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.