கிளாக் 19 பிஸ்டல் எத்தனை ஆயிரம் ரவுண்டு தாங்கும்?

கரிசல்காற்று:
கிளாக் 19, அஞ்சாம் தலைமுறை, புதுசு. வாரத்துக்கு ஒருநாள் ரேஞ்சுல 150 ரவுண்டு. எல்லாமே சாதாரண 115 கிரெயின் (எடை அளவு) 9 எம்எம், செப்பு உறை போட்ட குண்டு. சுட்டு முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் துடைச்சு எண்ணெய் போட்டுடறேன். இப்படியே போனா எத்தனை வருஷம் வரும்? எதை எப்போ மாத்தணும்? பேரல் தேய்ஞ்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பழைய_லேத்து:
வருஷத்தை விடுங்கள், ரவுண்டைக் கணக்கு வையுங்கள். வாரம் 150 என்றால் வருஷத்துக்கு 7,800. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 50,000 தாண்டுவது இந்த மாடலில் அதிசயமே இல்லை. ஒரு ரவுண்டு 25 சென்ட் என்று வைத்தாலும் அதற்குள் தோட்டாவுக்கே 12,500 டாலர் போயிருக்கும். துப்பாக்கி விலை அதன் பக்கத்தில் சில்லறைக் காசு.

முதலில் சோர்வது ரீகாயில் ஸ்பிரிங். சுட்டதும் பின்னால் பாயும் ஸ்லைடின் (பிஸ்டலின் மேல்பகுதி) வேகத்தை வாங்கிக்கொள்வது அதுதான். அது தளர்ந்தால் ஸ்லைடு ஃபிரேமில் (கைப்பிடியுள்ள கீழ்ச்சட்டம்) வேகமாக மோதும், காலி கேஸ் (தோட்டாவின் பித்தளை உறை) வழக்கத்தைவிடத் தூரம் பறக்கும், அடுத்த தோட்டாவை ஏற்றியபின் ஸ்லைடு முழுசாக மூடாமல் நிற்கும். அஞ்சாம் தலைமுறையில் இரட்டை ஸ்பிரிங் ஒரே கம்பியில் கோத்து வருகிறது, அப்படியே மொத்தமாக மாற்ற வேண்டும். 5,000 ரவுண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேகத்துக்கு எட்டு மாதத்துக்குள் ஒன்று.

சோதனை எளிது. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடும் தோட்டா இருக்கும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகுதான் தொடங்க வேண்டும். பாதுகாப்பான திசையில் முனையைச் சாய்வாக மேலே காட்டி டிரிகரை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, கையை எடுக்காமல் மெல்ல முன்னால் விடுங்கள். தானாகப் போய் மூடினால் ஸ்பிரிங்கில் உயிர் இருக்கிறது. கடைசிக் கால் அங்குலத்தில் தயங்கி நின்றால் எண்ணிக்கையைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

டிரிகர் ஸ்பிரிங், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) ஸ்பிரிங் இரண்டையும் 10,000-க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. விலை அற்பம். காலி கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகம் மழுங்கினால் கேஸ் சேம்பரிலேயே தங்கிவிடும், அந்த முனையை மட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பேரலைப் பற்றிக் கவலையே வேண்டாம். .223 ரைஃபிள் தோட்டாவில் ஏறத்தாழ 25 கிரெயின் மருந்து எரிகிறது. 9 எம்எம்மில் 4 முதல் 6 கிரெயின்தான். அழுத்தமும் ரைஃபிளைவிடக் குறைவு, அதனால் பேரலில் குண்டு நுழையும் தொண்டைப் பகுதி அரிப்பது மிக மெதுவாகத்தான் நடக்கும். தேய்ந்துவிட்டால் இலக்குக் காகிதமே சொல்லும்: குண்டுகள் சிதறி விழும், சில துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும்.

பித்தளைப்பொறுக்கி:
மேலே சொன்னது சரி. ஆனா "எண்ணெய் போட்டுடறேன்"னு சொன்னீங்களே, எங்க போடறீங்க? ஸ்ட்ரைக்கர் ஓடற துளைக்குள்ள சொட்டு எண்ணெய் போகக் கூடாது. கரி அதுல ஒட்டிக் களிம்பாகும், ஸ்ட்ரைக்கர் மந்தமாகும், பிரைமர்ல (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கிற மூடி) லேசா மட்டும் தட்டும், தோட்டா வெடிக்காது. பாதிப் பேர் இதைப் பார்த்துட்டுத் தோட்டாவைத் திட்டறாங்க. ஸ்லைடு ஓடற தண்டவாளக் காடி ஒவ்வொன்னுலயும் ஒரு சொட்டு, பேரல் மேல்பக்கம் ஒரு துடைப்பு, டிரிகர் பாரும் கனெக்டரும் உரசுற மூலையில ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

கரிசல்காற்று:
நன்றி. ரெண்டு சந்தேகம். ஃபிரேமைக் காப்பாத்த இன்னும் கனமான ஸ்பிரிங் போடலாமா? வீட்டுல டிரை ஃபயர் (தோட்டா இல்லாம டிரிகரை அழுத்தறது) பண்ணினா தேயுமா?

பழைய_லேத்து:
கனமான ஸ்பிரிங் வேண்டாம். பின்னால் வரும் அடியைக் குறைத்து முன்னால் போகும் அடியைக் கூட்டுவதுதான் அது. சாதாரண 115 கிரெயின் தோட்டாவில் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாது, கேஸ் நட்டுக்குத்தலாகச் சிக்கும். கம்பெனி ஸ்பிரிங்கை நேரத்துக்கு மாற்றுவதே ஃபிரேமுக்குக் காப்பு. உண்மையில் ஃபிரேமைத் தின்பது அதிக அழுத்தத் தோட்டா. 9 எம்எம்முக்கு எஸ்ஏஏஎம்ஐ (அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு) வைத்த உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), பிளஸ்-பி என்ற அதிக அழுத்தத் தோட்டா என்றால் 38,500. பயிற்சிக்குப் பிளஸ்-பி தண்டம்.

டிரை ஃபயர் எப்போதாவது செய்தால் ஒன்றுமில்லை. தினமும் நூற்றுக்கணக்கில் என்றால் ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போடுங்கள், ஸ்ட்ரைக்கர் ஓயாமல் அடித்தால் பிரீச் முகத்தின் (தோட்டாவின் அடி சாயும் ஸ்லைடுப் பகுதி) உலோகம் விரிசல் விடும்.

இந்தக் கணக்கை எல்லாப் பிஸ்டலுக்கும் பொருத்தாதீர்கள். பெரெட்டா 92-இல் முதலில் போவது லாக்கிங் பிளாக் (பேரலையும் ஸ்லைடையும் பூட்டும் துண்டு), அதன் இறக்கைபோன்ற காதுகள் ஒடியும். புதிய வடிவத்தில் மூலைகளை உருட்டியிருப்பதே விரிசலைத் தள்ளிப்போடத்தான். அமெரிக்க ராணுவம் 1985-இல் அதை எம்9 என்று எடுத்துக்கொண்ட சில வருஷத்திலேயே சில ஸ்லைடுகள் பிளந்து பின்பாதி சுட்டவர் முகத்துக்கு வந்தது. பிறகு வந்த 92எஃப்எஸ் மாடலில் ஹாமர் பின்னின் தலையைப் பெரிதாக்கியது, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் கழன்று வராமல் தடுக்க. அதன் ஃபிரேம் அலுமினியம். எஃகைப் போல அல்ல, சிறு அடியும் அலுமினியத்தில் சோர்வாகச் சேர்ந்துகொண்டே போகும். .45 நைன்டீன் லெவன் (1911) பிஸ்டல் என்றால் 16 பவுண்டு ஸ்பிரிங்கை 2,000 முதல் 3,000-க்குள் மாற்றுவார்கள், கூடவே ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும்.

பித்தளைப்பொறுக்கி:
மேகசினை யாரும் சொல்லலையே. ரேஞ்சுல வர சிக்கல்ல பெரும்பங்கு அதுதான். ஒவ்வொன்னுக்கும் பெயின்ட் பேனாவுல நம்பர் போடுங்க. சிக்கல் வந்தா அந்த நம்பரைக் குறிச்சு வைங்க. அதே நம்பர் திரும்பத் திரும்ப வந்தா ஸ்பிரிங் போச்சு, இல்ல வாய் உதடு விரிஞ்சிருக்கு. ஸ்பிரிங் மாத்தியும் சரியாகலேன்னா குப்பையில போடுங்க.

ராத்திரி தோட்டாவை இறக்கி காலையில ஏத்தறவங்க ஒன்னு கவனிங்க. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பர்ல ஏத்தினா குண்டு கேஸுக்குள்ள அமுங்கும், அழுத்தம் எகிறும். பக்கத்துல புதுத் தோட்டாவை நிறுத்தி உயரம் பாருங்க, குட்டையா இருந்தா ஒதுக்குங்க.

50,000 தாங்கற துப்பாக்கிய ஒரே நொடியில முடிக்கறது ஸ்குவிப்: மருந்து இல்லாத தோட்டா, பிரைமர் மட்டும் தள்ளி குண்டு பேரல் நடுவுல நின்னுடும். அடுத்ததைச் சுட்டா பேரல் உப்பும், இல்ல வெடிக்கும். "டப்" சத்தம் "புஸ்"ஸுன்னு கேட்டாலோ, உதைப்பு வராம போனாலோ டிரிகரை விடுங்க. முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், 30 விநாடி பொறுங்க. மேகசினை எடுங்க, ஸ்லைடைப் பின்னால இழுத்துப் பூட்டுங்க, சேம்பர் காலின்னு பாருங்க. அப்புறம் பேரலைக் கழட்டி வெளிச்சத்துல பின்பக்கமா பாருங்க. அடைச்சிருந்தா பித்தளைக் கம்பியால தட்டி எடுக்கணும். இரும்புக் கம்பி வேண்டாம், உள்வரியைக் கீறிடும். எடுத்தப்புறம் பேரலோட வெளிப்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க. எங்கயாவது வளையம் மாதிரி புடைச்சிருந்தா அந்தப் பேரல் அவ்வளவுதான், புதுசு வாங்குங்க.