ஆடாதொடை இலை: ஜிசி-எம்எஸ் அறிக்கையில் வாசிசினையே காணோம்

நெல்லை_வேதியியல்:
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக, ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டைத் (நைட்ரஜன் கொண்ட காரத் தாவரச் சேர்மம்) தேடி, இலையை நிழலில் உலர்த்தித் தூளாக்கி, சாக்ஸ்லெட் வடிப்புக் கருவியில் மெத்தனால் விட்டு வடித்தேன். ஆல்கலாய்டைக் காட்டும் டிராகன்டார்ஃப் சோதனையில் ஆரஞ்சு வீழ்படிவு, மேயர் சோதனையிலும் வீழ்படிவு. ஆனால் வெளியே கொடுத்து எடுத்த ஜிசி-எம்எஸ் (சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) அறிக்கையில் ஹெக்ஸாடெகனோயிக் அமிலமும் ஃபைட்டாலும்தான் முன்னால் நிற்கின்றன. டிஎல்சி (சிலிக்கா பூசிய தட்டில் சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) தட்டில் பச்சையாக ஒரே இழுவை. செடியே மாறிப்போயிருக்குமா?

மூலிகை_லேப்:
தம்பி, தாவரவியல் துறையில் காட்டி அடையாளச் சான்று வாங்கியிருந்தால் செடியைச் சந்தேகப்பட வேண்டாம். நான் மூலிகைத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நொச்சியோ முருங்கையோ, எந்த இலையின் மெத்தனால் சாற்றைக் கொடுத்தாலும் இந்த இரண்டும் வந்து நிற்கும். முதலாவது பால்மிட்டிக் அமிலம், எல்லா இலையிலும் உள்ள கொழுப்பு. ஃபைட்டால், பச்சையம் உடைந்து வருவது. இதை வைத்து ஆடாதொடைக்கென்று எதையும் சொல்ல முடியாது. இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் 'புற்றுநோய் எதிர்ப்பு' என்று அட்டவணை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, நீங்களாவது போடாதீர்கள்.

முதலில் பச்சையத்தைக் கழியுங்கள். மெத்தனாலை ஆவியாக்கிவிட்டு, மிச்சத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலக்கி வடிகட்டுங்கள். ஆல்கலாய்டு உப்பாக மாறித் தண்ணீரோடு வந்துவிடும். பச்சையமும் கொழுப்பும் பெரும்பாலும் வடிதாளில் தங்கும். வடிநீரை ஹெக்சேனால் ஒருமுறை கழுவுங்கள். பிறகு அம்மோனியா விட்டு பிஹெச் 9-க்கு மேல் கொண்டுபோய், பிரிபுனலில் குளோரோஃபார்மோடு குலுக்குங்கள். மெதுவாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் நுரைத்துப் பால் மாதிரி நின்றுவிடும். குளோரோஃபார்ம் அடுக்கைத்தான் தட்டில் ஏற்ற வேண்டும்.

தட்டை ஓட்டும் எத்தில் அசிட்டேட், மெத்தனால் கலவையில் சில துளி அம்மோனியா சேருங்கள். சிலிக்கா லேசான அமிலத்தன்மை உள்ளது. அம்மோனியா இல்லையென்றால் ஆல்கலாய்டு வால் விட்டு இழுக்கும்.

சித்தா_மாணவி:
குறுக்கே ஒரு கேள்வி சார். நாங்கள் குடிநீர் (கஷாயம்) தானே காய்ச்சுகிறோம். தண்ணீரில் வாசிசின் இறங்குமா?

மூலிகை_லேப்:
இறங்கும் அம்மா. ஆனால் வாசிசின் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமடைந்து வாசிசினோன் ஆகும். தட்டில் இரண்டு புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், பழைய தூளில் அப்படித்தான். இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் இந்த வாசிசினை மாதிரியாக வைத்து உருவானதுதான். அம்ப்ராக்சால் அதன் அடுத்த வடிவம். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் உண்டு, கர்ப்பிணிகள் விஷயத்தில் கவனம்.

நெல்லை_வேதியியல்:
நன்றி சார். ஒப்பிட்டுப் பார்க்கத் தூய வாசிசின் வாங்கலாமென்றால், விலையைப் பார்த்துத் தலை சுற்றுகிறது. எல்சி-எம்எஸ் (திரவத்திலேயே பிரித்து நிறை பார்க்கும் முறை) மட்டும் போதாதா?

மூலிகை_லேப்:
பாசிட்டிவ் மோடில் (நேர்மின் அயனிகளைப் பார்க்கும்போது) நிறை எண் 189 வந்தால் வாசிசின் இருக்கலாம், 203 வந்தால் வாசிசினோன். 'இருக்கலாம்' என்பதற்கு மேல் அதை வைத்து எழுத முடியாது, ஒரே நிறையில் வேறு சேர்மமும் வரும். கைடிடம் சொல்லிச் சிறிய பாக்கெட்டாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள். ஒரே தட்டில் உங்கள் சாறு, தூய வாசிசின், இரண்டும் கலந்தது என்று மூன்று புள்ளி வைத்து, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பார்த்த பிறகு டிராகன்டார்ஃப் தெளியுங்கள். கலந்ததில் வாசிசின் புள்ளி இரண்டாகப் பிரியாமல் ஒன்றாகவே ஏறினால் தைரியமாக எழுதலாம். வைவாவில் அந்தத் தட்டின் படத்தைக் காட்டுங்கள், ஜிசி-எம்எஸ் அறிக்கையைப் பின்னிணைப்பில் போட்டால் போதும்.