விலையைக் கேட்டேன், மாதத் தவணையைச் சொன்னான்

செந்தூல்காரன்:
டிசம்பரில் காடி (கார்) எடுத்தேன், இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆண்டுக் கடைசியில் அந்த வருடத்து ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ரெபேட் (தள்ளுபடி) நன்றாகக் கிடைக்கும் என்று எல்லோரையும் போல நானும் போனேன். கோலாலம்பூரில் ஒரு ஷோரூம், பெயர் வேண்டாம்.

சேல்ஸ்மேன் நம்ம பையன். உட்காரும் முன்பே "சாப்பிட்டீங்களாண்ணே" என்றான். ரெபேட் 1,500 வெள்ளியில் (ரிங்கிட்) ஆரம்பித்ததை ஒரு மணி நேரம் இழுத்து 3,000 வரைக்கும் கொண்டுவந்தேன். நடுவில் மூன்று தடவை கண்ணாடி அறைக்குள் போய் மேனேஜரிடம் கெஞ்சிவிட்டு வந்தான் (உள்ளே என்ன பேசினார்களோ, எனக்கென்னவோ பந்து விளையாட்டுதான் பேசியிருப்பார்கள்). நான் இன்னும் 500 கேட்டேன். அப்போதுதான் அது நடந்தது. அவன் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பி வைத்தான். 705. "மாசம் இவ்வளவுதாண்ணே. மொதல்ல பார்த்தது 864." மாதம் 159 வெள்ளி மிச்சம் என்று எனக்கு வாயெல்லாம் பல். பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரவு மாமாக் சாப்பாட்டுக் கடையில் என் மனைவி அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷம்னுதானே சொன்னீங்க, இதுல ஒன்பது போட்டிருக்கே" என்றாள். கடன் 60,000, வட்டி வருடத்துக்கு 3 விழுக்காடு. ஏழு வருடத்துக்கு வட்டி 12,600 வெள்ளி, ஒன்பதுக்கு 16,200. பேரம் பேசி 3,000 பிடுங்கிய வீரன் வட்டியில் 3,600 கூடக் கட்டுகிறேன். அன்றைக்கு ரொட்டி சானாய் தொண்டையில் இறங்கவில்லை.

பிறைப்பொண்ணு:
அண்ணே, உங்களிடமாவது பேசினார்களே. காசு என்னுடையது, லோன் என் பெயரில், ஆனால் ஜூரு பக்கம் நான் போன இடத்தில் சேல்ஸ்மேன் முக்கால் மணி நேரம் அப்பாவைப் பார்த்தேதான் பேசினார். "அங்கள், இதுக்கு மேல ஒரு சென் கொறைக்க முடியாது." அப்பாவுக்கு விலையும் தெரியாது, மாடலும் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு "சரிம்மா" என்று வாசல் பக்கம் நடந்தார். உடனே சேல்ஸ்மேன் பின்னாலேயே ஓடி, "அங்கள், அங்கள், இன்னொரு ஆயிரம் பார்க்கிறேன்!"

அப்பா கழிவறை தேடித்தான் எழுந்தார். ஆனால் இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தான் போட்ட திட்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
செந்தூல் அண்ணே, கோபப்படாதீங்க, இதில் சேல்ஸ்மேன் மேல் என்ன தப்பு? ஒன்பது வருடம் என்று பாரத்திலேயே இருந்திருக்கிறது. நீங்கள் படிக்காமல் போட்டுவிட்டு அவனைத் திட்டுகிறீர்கள். பேங்க் ஒப்புதல் வருவதற்குள் போன் பண்ணி ஏழாக மாற்றச் சொல்லியிருக்கலாம். பிறைத் தங்கச்சி, உங்கள் அப்பா எழுந்ததால் அந்த ஆயிரம் வந்தது என்று நான் நம்பவில்லை, அது முதலிலிருந்தே அந்த சேல்ஸ்மேன் சட்டைப் பையில் இருந்த ஆயிரம்.

என் கதை இரண்டே வரி. பழைய மைவி காடியை ஷோரூமில் டிரேட்-இன் (புதுக் காடி விலையில் கழித்துக்கொள்ள) கொடுக்காமல் வெளியில் விற்றேன், 2,000 வெள்ளி கூடக் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இன்சூரன்ஸ். சாலைக்கு வரும் வரைக்குமான முழு விலை என்று ஒன்று போடுகிறார்களே, அதில் இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் என்சிடி (கிளெய்ம் பண்ணாத வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கொடுக்கும் கழிவு) இல்லாத கணக்கில்தான் அந்த விலை போட்டிருக்கும். ஐந்து வருடம் கிளெய்ம் பண்ணாமல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு 55 விழுக்காடு உண்டு, முதல் வருடம் முடிந்தாலே 25. பிரீமியம் 2,000 வெள்ளி என்றால் 55 விழுக்காட்டில் 900 ஆகிவிடும். அந்த 1,100 உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய காசு, அதை "ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்" என்று கொடுத்தால் வாயைப் பிளக்காதீர்கள். பழைய காடியிலிருந்து என்சிடியை எடுத்தால் அதற்கு இருக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த 3 விழுக்காடு. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி கடைசி வரை முழு 60,000 மேல்தான் போட்டிருக்கிறது. ஒன்பது வருடக் கணக்கில் உண்மையான வட்டி ஏறத்தாழ 5.5 வருகிறது. விலை, டிரேட்-இன், லோன், மூன்றையும் ஒரே மேசையில் பேசவே கூடாது, ஒன்றில் கொடுத்து இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று கிளையில் கோட்டேஷன் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள், முன்பணம் கட்டும் முன்...

சுங்கைநிபோங்:
ஐயா, போதும்லா, கிளாஸ் எடுக்கிறீங்களா?

எனக்கு 800 வெள்ளி ரொக்கமாகக் குறைக்கிறேன் என்றார்கள். இல்லை, டேஷ்கேம், டிண்டட், குடை வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஆறே மாதத்தில் டேஷ்கேம் செத்தது, டிண்டட் பின் கண்ணாடியில் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. குடை நல்ல குடை.

பிறைப்பொண்ணு:
கணக்குப்பிள்ளை அண்ணே, சட்டைப் பையிலேயே இருந்த ஆயிரம் என்றால் அது வெளியே வர அப்பாதானே எழ வேண்டியிருந்தது?

செந்தூல்காரன்:
கணக்கு சார், மறுநாள் காலை ஷோரூம் திறந்ததுமே போன் பண்ணினேன். "பேங்குக்கு அனுப்பியாச்சுண்ணே, திருப்பி எடுத்தா ஆண்டுக்குள்ள நம்பர் பிளேட் வராது, ரெபேட் போயிடும்" என்றான். உண்மையா பொய்யா தெரியவில்லை, பயந்துபோய் விட்டுவிட்டேன். படிக்காமல் போட்டது என் தப்புதான், அதை எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் நான் விலையைக் கேட்டபோது அவன் வேறொன்றுக்குப் பதில் சொன்னான், அதுதான் எனக்கு எரிச்சல்.

எலுமிச்சம்பழம் வைத்துக் கோயிலில் பூஜை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து காடிக்கு மனைவி வைத்த பெயர் எழுநூற்றஞ்சு. "எழுநூற்றஞ்சு சாவி எங்கே" என்று பிள்ளைகளும் கேட்கிறார்கள்.