பாட்டி வீட்டுப் பிள்ளைங்க – ஆயிர் ஈத்தாம்

ஞாயிறு

5:41 செல்வி அத்தை: பெரியண்ணனுக்கு ஸ்ட்ரோக்காமே, நெசமா? பட்டர்வொர்த்துல இருந்து எனக்கு போன் வருது. கூடப் பொறந்தவ எனக்கு ஒருத்தரும் சொல்லல

5:42 லோகா அண்ணி: யாரு அத்தை சொன்னா

5:42 செல்வி அத்தை: கோவில்ல பாத்தவங்க

5:44 ராஜா சித்தப்பா: நான்தான் பக்கத்துல இருந்தேன். அன்னதானம் சாப்ட்டு எலய மடிச்சாரு, எழுந்தாரு, ரெண்டு எட்டு வச்சாரு. "ராஜா, லைட்ட ஏன்டா அணைச்சீங்க"ன்னு கேட்டாரு. பட்டப்பகல். நான் திரும்புறதுக்குள்ள என் மேலயே சாஞ்சுட்டாரு

5:44 ராஜா சித்தப்பா: கீழ படுக்க வச்சதும் அரை நிமிசத்துல கண்ண முழிச்சாரு. ஹண்ட்ரட் பிளஸ் (சக்கரை போட்ட சோடா) குடுத்தேன்

5:45 வாசுகி அக்கா: சித்தப்பா, அப்பாவுக்கு 24 வருசமா சக்கரை

5:45 ராஜா சித்தப்பா: அந்த அவசரத்துல கையில கெடச்சது அதான்மா

5:47 பிரவின்: தைப்பூச டிஷர்ட் சைஸ் இன்னும் 6 பேர் குடுக்கல. தலைக்கு 35 வெள்ளி (ரிங்கிட்). நாளைக்குள்ள கடையில சொல்லணும்

5:47 லோகா அண்ணி: மேல படி பிரவின்

5:48 பிரவின்: ஐயோ. பெரிப்பா எப்படி இருக்காரு??

5:53 வாசுகி அக்கா: ஸ்ட்ரோக் இல்ல. தலை ஸ்கேன் சுத்தமா இருக்கு, ஈசிஜியும் ஓகே. இன்னிக்கு ராத்திரி வார்டுல வச்சுக்குறாங்க. ஏதோ நரம்புன்னு டாக்டர் சொன்னாரு. மலர் கூட இருந்தா, அவ சொல்லட்டும்

5:54 செல்வி அத்தை: நரம்புத் தளர்ச்சியா?

5:56 ராஜா சித்தப்பா: (அனுப்பப்பட்ட செய்தி) நரம்புத் தளர்ச்சிக்கு 48 நாள் லேகியம். முருங்கைப்பூ, பூனைக்காலி, பாதாம்…

5:56 கலா சித்தி: அத அழிங்க முதல்ல

6:10 மலர்: எல்லாரும் இத முழுசா படிங்க. நீளமாதான் இருக்கும்.
நாம நெனச்சு செய்யாத வேலைன்னு உடம்புல நெறைய இருக்கு. நெஞ்சு துடிக்கிறது, பிரஷர், வேர்வை, செரிமானம், மூத்திரப்பை, கண்ணுமணி சுருங்கி விரியறது. இதுக்குன்னே தனி நரம்புக் கூட்டம், தானியங்கி நரம்பு மண்டலம்னு பேரு. நாம எழுந்து நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் வயித்துக்கும் காலுக்கும் இறங்கும். கழுத்து ரத்தக்குழாய்ல இருக்குற நரம்பு முனைங்க அத உடனே மூளைக்குச் சொல்லும். மூளை "குழாய இறுக்கு, இதயத்த வேகமா ஓட்டு"ன்னு திருப்பி உத்தரவு போடும். தினம் நூறு தடவ எழுந்தாலும் நமக்குத் தெரியாம நடக்குது. பெரிப்பாவுக்கு அந்த உத்தரவு போற நரம்ப சக்கரை அரிச்சுடுச்சு

6:12 மலர்: படுக்க வச்சு பிரஷர் எடுத்தோம், 148. நிக்க வச்சு மூணாவது நிமிசம் 104. மேல் பிரஷர் 20 இறங்கினாலே தப்பு, இவருக்கு 44. அதவிட முக்கியம் நாடி. அவ்வளவு இறங்கும்போது இதயம் பதறி ஓடணும். 78ல இருந்து 82தான் போச்சு. தண்ணி கம்மியாகி மயங்குறவங்களுக்கு நாடி நல்லா ஏறும். இவருக்கு ஏறவே இல்ல. டாக்டர் அதப் பாத்துட்டுத்தான் நரம்புன்னாரு

6:13 செல்வி அத்தை: 24 வருசமா இருக்குற சக்கரை இன்னிக்கா வந்து தள்ளிச்சு? கோவில்ல அத்தன பேர் பாக்க உக்காந்து சாப்ட்டாரு. கண்ணு பட்டுருக்கும், சுத்திப் போடுங்க

6:17 மலர்: சுத்திப் போடுங்க அத்தை, வேணாங்கல. ஆனா இன்னிக்கு நாலு விசயம் ஒண்ணா சேந்துச்சு. விரதம்னு காலையிலேருந்து வயிறு காலி, தண்ணியும் சரியா குடிக்கல. அப்பறம் ஒரே மூச்சா சோறு. சோறு நெறைய சாப்ட்டா ரத்தம் குடலுக்குப் போயிடும், இந்த நரம்பு கெட்டவங்களுக்கு அதுலயே பிரஷர் இறங்கும். வெயில் வேற. நாலாவது, போன வாரம் ஒரு கிளினிக்ல மூத்திரம் சரியா போகலன்னு ராத்திரி மாத்திரை வாங்கியிருக்காரு. அது புரோஸ்டேட்ட (மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பி) மட்டும் தளர்த்தாது, ரத்தக்குழாயயும் தளர்த்தும்

6:18 வாசுகி அக்கா: என்ன மாத்திரை?? எங்கிட்ட சொல்லவே இல்ல

6:18 லோகா அண்ணி: ராத்திரி அஞ்சாறு தடவ பாத்ரூம் போவாரு. கேட்டா வயசாச்சுன்னுவாரு

6:20 மலர்: பொம்பளப் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு மறைச்சுட்டாராம். டாக்டர் கேட்டப்பகூட என்ன வெளிய அனுப்பிட்டுத்தான் சொன்னாரு. அந்த மூத்திரப் பிரச்சினையே இதே நரம்பால வந்திருக்கலாம்.
லோகா அண்ணி, சாப்பிடும்போது அவருக்கு மூஞ்சி வேர்க்கும்ல?

6:21 குமரன் அண்ணன்: துண்டு இல்லாம சாப்பிட உக்காரவே மாட்டாரே. நாங்க கிண்டல் பண்ணுவோம்

6:21 லோகா அண்ணி: அய்யோ, நான் வைக்கிற சம்பல்தான் காரம்னு நெனச்சேன். அவருக்காகவே மிளகாய பாதியா கொறச்சேன்

6:22 மலர்: தயிர்சாதத்துக்கும் வேர்க்குதான்னு டாக்டர் கேட்டாரு. ஆமாம்னாரு. உங்க சம்பல் மேல தப்பே இல்ல அண்ணி. கால் மட்டும் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு, அங்க வேர்வையே வரல. ரெண்டும் இந்த நரம்போட வேலைதான்

6:24 குமரன் அண்ணன்: அப்போ பால்குடம்? இது அவருக்கு 30வது வருசம்

6:24 ராஜா சித்தப்பா: அண்ணனுக்குப் பதிலா நான் எடுக்குறேன்

6:25 குமரன் அண்ணன்: மகன் நான் இருக்கேன் சித்தப்பா

6:25 ராஜா சித்தப்பா: நீ போன வருசம் பாதியில இறங்கின

6:31 கலா சித்தி: மலர், யாழினிக்கு இருக்குறதும் இந்த நரம்பு தானே

6:33 மலர்: ஆமா சித்தி, அதே கூட்டம்தான், கோளாறு வேற. அவளுக்கு பிரஷர் இறங்கல. பத்து நிமிசம் நிக்க வச்சதுல நாடி 76ல இருந்து 124க்குப் போச்சு. போட்ஸ்னு சொல்வாங்க. கோவிட் வந்து போனவங்கள்ல நெறைய பேருக்கு வந்திருக்கு, அதிகமா சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு

6:35 கலா சித்தி: ரெண்டு வருசம். ஸ்கூல் அசெம்பிளில நிக்க முடியாது, குளிக்கும்போது சுவரப் புடிச்சுக்கிட்டு நிப்பா. சோம்பேறின்னாங்க, பரீட்சை பயம்னாங்க, போன் போன்னாங்க. பேய் புடிச்சிருக்குன்னும் இதே குரூப்புலதான் ஒருத்தர் எழுதினாங்க. எனக்கு மறக்கல

6:36 லோகா அண்ணி: சித்தி விடுங்க இப்போ

6:41 செல்வி அத்தை: எனக்கு என்ன தெரியும் கலா. புள்ள துவண்டு கெடந்தத பாத்து பயத்துல சொன்னேன். அவளுக்கு முடிகயிறு வாங்கிட்டு வந்தவளும் நான்தான்

6:42 கலா சித்தி: தெரியும் அண்ணி

6:43 பிரவின்: யாழினி சைஸ் எஸ்ஸா எம்மா?

6:43 யாழினி: எம். நான் வருவேன், ஆனா தண்ணீர் பந்தல்ல உக்காந்துதான் வேலை

6:45 ராஜா சித்தப்பா: மலர், யாழினிக்கு உப்பு கூடுதலா சாப்பிடச் சொன்னாங்களே. அண்ணனுக்கும் குடுக்கலாமா?

6:48 மலர்: வேணாம் சித்தப்பா. அவருக்குப் படுத்தா 148, நின்னா 104. உப்பு படுக்கும்போது இருக்குற பிரஷர இன்னும் ஏத்திடும். கிட்னி டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும். இப்போதைக்கு இவ்வளவுதான்: காலையில எழறதுக்கு முன்னாடி ரெண்டு கிளாஸ் பச்சத்தண்ணி, கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிசம் கால தொங்கப்போட்டு உக்காரணும், சோறு கொஞ்சம் கொஞ்சமா, தலைமாட்டு பக்கம் கட்டில உயர்த்தணும். மாத்திரைய யாரும் நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் மாத்தித் தருவாரு. மூணு மாசச் சராசரி சக்கரை (எச்பிஏ1சி) 9.8 சதவீதம். மெட்ஃபார்மின் பல வருசம் சாப்பிட்டா பி12 கொறையும், அதுவும் நரம்பக் கெடுக்கும், அதுக்கும் ரத்தம் எடுத்திருக்கு

6:50 மலர்: இன்னொண்ணு, இத மறக்கவே கூடாது. சக்கரை ரொம்ப இறங்கினா நமக்கெல்லாம் படபடக்கும், வேர்க்கும். அவருக்கு அந்த எச்சரிக்கையே வராம போகலாம். நெஞ்சு அடைச்சாக்கூட வலி தெரியாம இருக்கலாம். "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு அவர் சொல்றத வச்சு விட்டுடாதீங்க

6:58 ராஜா சித்தப்பா: அம்மாவும் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தப்போதான் விழுந்தாங்க

6:59 செல்வி அத்தை: தம்பி

7:03 மலர்: பாட்டிக்கு பார்க்கின்சன் இருந்துச்சு சித்தப்பா. கை நடுக்கத்த மட்டும்தான் நாம பாத்தோம். அந்த நோய் இந்த நரம்பையும் கெடுக்கும், எழுந்தா பிரஷர் இறங்கும். அதுதான் காரணம்னு இப்போ என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க தூங்கினதால நடந்ததுன்னு இத்தன வருசம் பேசினது நியாயமே இல்ல. பக்கத்துல படுத்திருந்தாலும் அவங்க எழுந்த வேகத்துக்கு நீங்க புடிச்சிருக்க முடியாது

7:09 செல்வி அத்தை: நானும்தான் பேசினேன் தம்பி

7:10 ராஜா சித்தப்பா: சரிக்கா

7:16 லோகா அண்ணி: கோவிலுக்கு எடுத்துட்டுப் போன என் பெரிய அண்டா யார்கிட்ட இருக்கு

7:17 ராஜா சித்தப்பா: என் கார்ல

7:24 பெரிப்பா: எல்லாம் படிச்சேன். கண்ணாடி இப்போதான் குமரன் கொண்டாந்தான்

7:25 வாசுகி அக்கா: அப்பா படுங்க

7:26 பெரிப்பா: படுத்துக்கிட்டேதான் எழுதுறேன். பால்குடத்துக்கு ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. நேந்துக்கிட்டது நான்

7:27 மலர்: பெரிப்பா, தண்ணிமலை முருகன் கோவிலுக்கு 513 படி. வெயில்ல, வெறும் வயித்துல. நடுவுல லைட் அணைஞ்சா பின்னாடி வர்றவங்களும் சேந்து விழுவாங்க

7:31 பெரிப்பா: அடிவாரம் வரைக்கும் நான் தூக்கறேன். அங்கேருந்து யாரு தூக்குறதுன்னு அப்பறம் பாக்கலாம்

7:31 குமரன் அண்ணன்: டாக்டர கேட்டுட்டு

7:32 ராஜா சித்தப்பா: அடிவாரத்துல இருந்து நான்

7:33 பிரவின்: பெரிப்பா உங்களுக்கு எப்பவும் போல எக்ஸ்எல் தானே?

7:35 பெரிப்பா: எல் போதும். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ரெண்டு வாய் சாப்ட்டாலே வயிறு நெறஞ்சுடுது

7:35 மலர்: எப்போலேருந்து பெரிப்பா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா? டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

7:38 பெரிப்பா: காலையில நீ வா. சொல்றேன்