டைகர் வுட்ஸ் காலத்துல ரெண்டாவது பெரிய கோல்ஃப் பிளேயர் விஜய் சிங் தானே? ஏன் யாரும் பேசுறதில்ல?

கிண்டி_கோபி:
நேத்து இங்க ஒருத்தர் 1997ல இருந்து 2010 வரைக்கும் டாப் ஃபைவ் கோல்ஃபர்னு லிஸ்ட் போட்டிருந்தாரு, டைகர், மிக்கல்சன், எல்ஸ், ஹாரிங்டன், ஃபியூரிக். விஜய் சிங் பேரே இல்ல. பார்த்ததுல இருந்து மனசு ஆறல, அதான் தனி த்ரெட். மூணு மேஜர் (வருஷத்துக்கு நாலே நடக்கிற பெரிய டோர்னமென்ட்) ஜெயிச்சவருங்க, 1998 பிஜிஏ, 2000 மாஸ்டர்ஸ், 2004 பிஜிஏ. அமெரிக்காவோட முக்கிய கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர்ல மொத்தம் 34 டைட்டில், அதுல 22 நாப்பது வயசுக்கு அப்புறம் வந்தது. நாப்பதுக்கு மேல சாம் ஸ்னீட் ஜெயிச்ச 17 தான் அதுக்கு முன்னாடி ரெக்கார்டு. 2004ல மட்டும் 9 டோர்னமென்ட், ஒரே சீசன்ல ஒரு கோடி டாலரைத் தாண்டின முதல் ஆளு. அதே வருஷம் செப்டம்பர்ல பாஸ்டன் பக்கத்துல கடைசி ரவுண்டு டைகர் கூடவே ஆடி அவரை ஜெயிச்சு, 264 வாரமா டைகர் விடாம வச்சிருந்த உலக நம்பர் ஒன் இடத்தைப் பிடிச்சாரு. டைகர் உச்சத்துல இருந்த காலத்துல வேற யாரு அதைப் பண்ணினா? ஃபிஜியில நாண்டில வளர்ந்த பையன், அப்பா ஏர்கிராஃப்ட் டெக்னீசியன், அமெரிக்க காலேஜ் கோல்ஃப் கிடையாது, கோச் கிடையாது, டாம் வைஸ்காஃப் ஸ்விங்கை போட்டோல பார்த்து பார்த்து கத்துக்கிட்டவரு. இவரை விட்டுட்டு ஒரு லிஸ்ட்டா?

மதுரை_செந்தில்:
கோபி தம்பி, நம்பரெல்லாம் சரி, மறுக்கல. ஆனா 1985 பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலயே? இந்தோனேஷியன் ஓப்பன்ல கட் (கடைசி ரவுண்டுகள் ஆடத் தகுதிக் கோடு) தாண்டுறதுக்காக ஸ்கோர்கார்டுல ஒரு ஸ்ட்ரோக்கை, அதாவது ஒரு அடியை, குறைச்சு மாத்தினார்னு குற்றச்சாட்டு வந்து ஆசியன் சர்க்யூட்ல தடை போட்டாங்க. மத்த விளையாட்டு மாதிரி இல்ல இது, அம்பயர் கூடவே நடந்து வர மாட்டாரு. கூட ஆடுறவன் உன் ஸ்கோரை எழுதுவான், ரவுண்டு முடிஞ்சதும் நீ ஒவ்வொரு ஹோலா சரி பார்த்து கையெழுத்து போடணும். மொத்த கேமும் அந்தக் கையெழுத்து மேல தான் நிக்குது. தெரியாம குறைச்சு கையெழுத்து போட்டா அந்த டோர்னமென்ட்ல டிஸ்குவாலிஃபை, அதோட முடிஞ்சிரும். தடை வரைக்கும் போனாங்கன்னா இது தெரியாம நடந்ததுன்னு அதிகாரிங்க நம்பலன்னு தானே அர்த்தம்? பிளேயரா திறமைசாலி, சந்தேகமே இல்ல, ஆனா "பெரிய கோல்ஃபர்"னு சொல்றப்ப எனக்கு அந்த இடத்துல நெருடுது.

சபா_தேவன்:
நான் மலேசியாவுல இருந்து எழுதுறேன். செந்தில் அண்ணே, அந்தத் தடைக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அது எங்க ஊர்ப் பக்கத்துக் கதை லா. முந்தின வருஷம் 1984ல மலேசியன் பிஜிஏ ஜெயிச்ச ஆளு, அடுத்த வருஷம் ஆட இடமே இல்லாம சபாவுல கெனிங்காவ் கிளப்ல புரோவா வந்து உக்காந்தாரு. கெனிங்காவ்னா கோத்தா கினபாலுல இருந்து மலை தாண்டி உள்ள போகணும், மரம் வெட்டுற ஊரு. வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கிறது, மிச்ச நேரம் பூரா அந்த வெயில்லயும் மழையிலயும் பந்து அடிக்கிறது. பாக்க டிவி கிடையாது, டோர்னமென்ட் கிடையாது, திரும்ப கூப்பிடுவாங்கன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. பயிற்சி ரேஞ்சுல இருட்டுற வரைக்கும் நின்னு அடிப்பாருன்னு பின்னாடி அமெரிக்காவே பேசுச்சே, அந்தப் பழக்கம் முத்தினது இங்க தான்னு நான் நம்புறேன். அங்க இருந்து ஆப்பிரிக்கா போயி 1988ல நைஜீரியன் ஓப்பன் ஜெயிச்சு, நடுவுல எடின்பரோல நைட் கிளப் வாசல்ல பவுன்சர் வேலையும் பார்த்து, 1989ல யூரோப்பியன் டூர்ல முதல் டைட்டில், 1993ல அமெரிக்காவுல ரூக்கி ஆஃப் தி இயர் (வருஷத்தோட சிறந்த புதுமுகம்). அப்ப அவருக்கு 30 வயசு. தப்பு பண்ணினாரோ இல்லையோ, அந்தக் கணக்கை அவரு அடைச்சிட்டாரு.

மதுரை_செந்தில்:
தேவன், அந்தக் கஷ்டத்தை நான் குறைச்சு பேசல. ஆனா தண்டனை அனுபவிச்சா நடந்தது இல்லன்னு ஆகிடுமா? 1968 மாஸ்டர்ஸ் எடுத்துக்கோங்க. ராபர்டோ டி விசென்சோ 17வது ஹோல்ல மூணு தான் அடிச்சாரு, உலகமே டிவில பார்த்துச்சு, கூட ஆடின டாமி ஆரன் கார்டுல நாலுன்னு எழுதிட்டாரு. இவரு பார்க்காம கையெழுத்து போட்டாரு. கூட எழுதினா அந்த ஸ்கோரே நிக்கும்ங்கிறது ரூல், அதனால 65 அடிச்ச ரவுண்டு 66 ஆச்சு, சமநிலை ஆனா ஆடுற பிளேஆஃப் போச்சு, பாப் கோல்பி சாம்பியன். டி விசென்சோ யாரையும் குத்தம் சொல்லல, தன்னைத் தான் திட்டிக்கிட்டாரு. ஒரு ஸ்ட்ரோக் தனக்கு எதிராப் போனப்ப வாயத் தொறக்காத மனுஷன் அவரு. அதான் இந்த கேமோட தரம், அந்தத் தரத்துல வச்சு தான் நான் விஜய் சிங்கையும் பாக்குறேன். வேற அளவுகோல் எதுக்கு?

கிண்டி_கோபி:
அண்ணே, டி விசென்சோ கதையில என்ன நடந்ததுன்னு எல்லாரும் கண்ணால பார்த்தாங்க. 1985ல என்ன ஆதாரம் இருக்கு? விஜய் சிங் அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் மறுக்கிறாரு, கார்டு எழுதினவரோட நடந்த குழப்பம்னு தான் சொல்றாரு. அவருக்கு 22 வயசு, பின்னாடி நிக்க ஒரு அசோசியேஷன் கிடையாது, வக்கீல் கிடையாது. நீங்களே "அதிகாரிங்க நம்பல"ன்னு தான் எழுதுறீங்க, நிரூபிச்சாங்கன்னு எழுத முடியல பாருங்க. அதுக்கு அப்புறம் நாலு டூர், முப்பது வருஷத்துக்கு மேல, ஆயிரக்கணக்கான கார்டுல கையெழுத்து போட்டிருக்காரு, வேற ஒரு தடவையாவது இப்படி ஒரு புகார் வந்து அவரை டூர்ல இருந்து நிறுத்தினாங்களா?

வீணா_ஸ்காபரோ:
நீங்கள் எல்லாரும் ஸ்கோர்கார்டிலயே நிக்கிறியள். எனக்கு அவரில கோபம் வந்தது 2003ல. அனிகா சோரன்ஸ்டாம் கொலோனியல் டோர்னமென்டில ஆம்பிளையளோட விளையாட வந்தவ, 1945ல பேப் சஹாரியாஸுக்குப் பிறகு 58 வருசமா ஒரு பொம்பிளையும் பிஜிஏ டூரில ஆடேல்லை. அவ கட் தாண்டக்கூடாது, இது அவவுக்குரிய இடம் இல்லை எண்ட மாதிரி விஜய் சிங் கதைச்சார். முந்தின கிழமை பைரன் நெல்சன் டோர்னமென்டை வெண்டிட்டு, களைப்பு எண்டு சொல்லி கொலோனியலில இருந்து விலகியும் போட்டார். தன்னை உள்ள விடாமல் கதவைச் சாத்தின வலி தெரிஞ்ச மனுசன், இன்னொருத்தி கதவைத் தட்டேக்க இப்பிடிச் சொல்லலாமோ? அவ 71, 74 அடிச்சவ. கட் தாண்டேல்லை, ஆனா முதல் நாள் அவ ஆடின விதத்தைப் பார்த்த ஒருத்தரும் அவவுக்கு அங்க இடமில்லை எண்டு சொல்லேலாது.

ஆனா ஆட்டம் எண்டு வந்தா நான் மனசறிஞ்சு சொல்லுறன், 2004 கனேடியன் ஓப்பன், ஓக்வில் கிளென் ஆபி. மைக் வீர் மூண்டு ஸ்ட்ரோக் முன்னுக்கு நிண்டு கடைசி நாள் தொடங்கினவர், 1954க்குப் பிறகு ஒரு கனேடியன் வெல்லப்போறான் எண்டு நாடே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்க வீருக்குத்தான். விஜய் சிங் அசையேல்லை, பிளேஆஃபில மூண்டாவது ஹோல் வரைக்கும் இழுத்தார், வீர் தண்ணிக்குள்ள அடிச்சார், முடிஞ்சுது. நம்பர் ஒன் ஆகி அடுத்த கிழமை அது. அப்பிடி ஒரு நெஞ்சுரம் எனக்குத் தெரிஞ்சு டைகருக்கு மட்டும்தான் இருந்தது.

கோவை_பர்டி:
லிஸ்ட் போட்டது நான் தான், அதனால பதில் சொல்றேன். மிக்கல்சன் 6 மேஜர், 45 டைட்டில், 2021ல 50 வயசுல கியாவா ஐலண்ட்ல பிஜிஏ ஜெயிச்சது நான் சொன்ன காலத்துக்கு வெளிய, அதைக் கழிச்சாலும் அவரு முன்னாடி தான். எல்ஸ் 4 மேஜர். ஹாரிங்டன் 13 மாசத்துல மூணு மேஜர். மேஜர் தானேங்க கடைசியில எண்ணுவாங்க? விஜய் சிங்கோட 2004 பிஜிஏ விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ்ல கடைசி ரவுண்டு 76, பதினெட்டு ஹோல்ல ஒரு பர்டி (ஹோலுக்குக் குறிச்ச அடியை விட ஒண்ணு கம்மி) கூட இல்ல. மத்தவங்க சொதப்பினதால பிளேஆஃப் கிடைச்சுது.

கிண்டி_கோபி:
பர்டி சார், பாதியிலயே நிறுத்திட்டீங்க. ஜஸ்டின் லெனர்ட், கிறிஸ் டிமார்கோ ரெண்டு பேரும் கூட இருந்த மூணு ஹோல் பிளேஆஃப், நாள் பூரா வராத பர்டி முதல் ஹோல்லயே வந்துச்சு, தேவைப்பட்ட நேரத்துல. 76 அடிச்சு நொந்து போன ஆளு அடுத்த பத்து நிமிஷத்துல அப்படி அடிக்கிறதை என்னன்னு சொல்லுவீங்க? 2000 மாஸ்டர்ஸ்ல நீங்க மேல வச்சிருக்க எல்ஸை மூணு ஸ்ட்ரோக்ல ஜெயிச்சாரு, "உங்க ஸ்விங்கை நம்புங்கப்பா"னு அவரு பையன் எழுதின சீட்டு அன்னைக்கு பேக்ல ஒட்டி இருந்துச்சு. மிக்கல்சன் ஒரு வாரம் கூட நம்பர் ஒன்ல இருந்ததில்ல, விஜய் சிங் 32 வாரம் இருந்தாரு. பண லிஸ்ட்ல 2003, 2004, 2008 மூணு வருஷம் முதல் இடம், 2008ல சீசன் பூரா புள்ளி சேர்த்து ஜெயிக்கிற ஃபெடெக்ஸ் கப், அப்ப வயசு 45. ஹாரிங்டன், ஃபியூரிக் ரெண்டு பேரையும் இவருக்கு மேல வைக்க எந்தக் கணக்கும் உதவாது.

வீணாக்கா, 2003ல அவரு பேசினது தப்பு தான், அதுல நான் அவருக்காகப் பேச மாட்டேன்.

மதுரை_செந்தில்:
2013ல மான் கொம்பு ஸ்ப்ரே யூஸ் பண்ணின ஊக்கமருந்து விவகாரமும் இருக்கே.

சபா_தேவன்:
அண்ணே அதைச் சேர்க்காதீங்க, அது நியாயமே இல்ல. பத்திரிகைக்காரங்க கேட்டப்ப ஆமா யூஸ் பண்ணேன்னு அவரே சொன்னாரு, டூர் 90 நாள் தடைன்னு முடிவு எடுத்துச்சு, அப்புறம் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவே அந்த ஸ்ப்ரேக்குத் தடை இல்லன்னு சொன்னதும் டூர் கேஸை விட்டுருச்சு. தன் பேரைக் கெடுத்தாங்கன்னு அவரு டூர் மேலயே வழக்கு போட்டு, 2018ல சமரசம் ஆச்சு. அதே 2018ல 55 வயசுல சீனியர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஜெயிச்சாரு. 1985ல போராட முடியாத ஆளு 2013ல கடைசி வரைக்கும் போராடினாரு. எனக்கு அதுல ஒரு விஷயம் புரியுது.

மதுரை_செந்தில்:
சரி, ஸ்ப்ரேவை எடுத்துடுறேன், அதுல டூர் தான் அவசரப்பட்டுச்சு, நீங்க சொல்றது நியாயம். 1985ஐ எடுக்க மாட்டேன். என் லிஸ்ட்ல டைகர், மிக்கல்சன், விஜய் சிங், எல்ஸ், ஹாரிங்டன். ஃபியூரிக் வெளிய. ஆனா அவரைப் பத்தி யாரு கட்டுரை எழுதினாலும் 34 டைட்டில் இருக்கிற பக்கத்துலயே இந்தோனேஷியாவும் இருக்கணும், அவரோட மறுப்பும் கூடவே இருக்கணும்.

கிண்டி_கோபி:
மறுப்பையும் சேர்த்து எழுதினா எனக்கு ஆட்சேபணை இல்லண்ணே. மிக்கல்சனுக்குக் கீழன்னு போட்டதுக்குத் தான் ஆட்சேபணை. 2003ல இருந்து 2005 வரைக்கும் ஒவ்வொரு டோர்னமென்ட்டா எடுத்து நாளைக்குப் போடுறேன், பர்டி சாரும் வாங்க.